காகம் சொன்ன ஒரு சொல்

ஒரு வேப்பங்கிளை யாருக்குச் சொந்தம் என்று காகத்துக்கும் அணிலுக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. நீதிபதி ஆமை பதினோராவது முறையாக வாய்தா போட்டபோது, காகம் உரக்க, "கா" என்றது.

ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "இது நீதிமன்ற அவமதிப்பு. ஏழு நாள் கூண்டு."

காகம் தன் கூடு இருந்த திசையைப் பார்த்தது. அதன் கூட்டில் நான்கு முட்டைகள் இருந்தன. ஏழு நாள் சூடு கிடைக்காவிட்டால் ஒன்றுகூடப் பொரியாது.

காகத்தின் வக்கீலான மைனா எழுந்தது. "கனம் கோர்ட்டார் அவர்களே, 'கா' என்றால் 'காப்பாற்று' என்று பொருள். என் கட்சிக்காரர் திட்டவில்லை, தங்களைக் கும்பிட்டார்."

"பதினோரு வாய்தாவுக்குப் பிறகா கும்பிட்டார்?"

"அப்போதுதானே ஐயா கும்பிடத் தோன்றும்?"

அணில்கூடச் சிரித்துவிட்டது.

"சரி, இன்னொரு முறை சொல்லட்டும். கும்பிட்டாரா, திட்டினாரா என்று குரலிலேயே தெரிந்துவிடும்," என்றது ஆமை.

காகம் முட்டைகளை நினைத்து உருகி, "கா" என்றது. முன்பு சொன்னது போலவேதான் இருந்தது.

"எனக்கு வித்தியாசம் தெரியவில்லையே," என்றது ஆமை.

"எனக்கும் தெரியவில்லை, ஐயா," என்றது காகம்.

மைனா தலையில் இறக்கையை வைத்துக்கொண்டது.

ஆமை காகத்தின் பக்கம் திரும்பியது. "சந்தேகத்தின் பலனை உனக்கே தருகிறேன். சீக்கிரம் போ, முட்டை ஆறிவிடும்."

காகம் பறந்தது. மன்றம் காலியானதும் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, 'கா' என்று ஒருமுறை கோபமாகவும் ஒருமுறை கெஞ்சலாகவும் சொல்லிப் பார்த்தது. பிறகு வேப்பங்கிளை வழக்கின் காகிதக் கட்டைப் பிரித்து, வாய்தாத் தேதியை அடித்துவிட்டு, 'நாளை' என்று எழுதியது.