பச்சையம்மாவின் பாட்டுக்காரன்

சேலையூர் குறுக்குத் தெருவில் பச்சையம்மா கூவிய கூவல், முக்கு வீட்டு ஜன்னலிலிருந்து அவளிடமே திரும்பி வந்தது.

மேலே ஏறி, அங்கேயே கொஞ்சம் நின்று, உடைந்து இறங்கும் அதே ராகம். "வஞ்சிரம் கீது, சங்கரா கீது" என்பதுதான் இல்லை. அந்த இடத்தில் இங்கிலீஷ் இருந்தது. பின்னால் ஒரு கிடார், பட்டாசுக் கடை பற்றிக்கொண்டதுபோல் வெடித்துக்கொண்டிருந்தது.

பச்சையம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலையில் மீன் கூடையோடு நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

அந்தப் பாட்டை அவள் காதால் கேட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கல்யாணமான புதிதில் அவள் வீட்டுக்காரன் ஜெயவேலு பாரிமுனையிலிருந்து ஒரு பழைய டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தான். உள்ளே யாரோ மறந்துவிட்ட கேசட் ஒன்று கிடந்தது. மேலே பேர் இல்லை, ஊர் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே ஆள் பாடினான். பாடினான் என்றா சொல்வது, தொண்டை கிழியக் கத்தினான். கோவளம் குப்பமே காதைப் பொத்திக்கொண்டது. பச்சையம்மா மட்டும் சொக்கிப்போனாள்.

கனத்த, கரகரத்த ஆண் குரல். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் எந்தப் பாட்டு முடிந்து எந்தப் பாட்டு வரும், எந்த இடத்தில் எல்லாம் ஓய்ந்து அவன் மட்டும் தனியாக மூச்சு வாங்குவான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஜெயவேலு கடலுக்குப் போன இரவுகளில் அந்தக் குரல்தான் துணை. "உன் ஆளு கூப்டறான் பாரு" என்று அவனே கிண்டல் செய்வான்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளும் கூடச் சேர்ந்து கத்திவிட்டாள். பொம்பளைக்கு இன்னாடி இவ்ளோ தொண்டை என்று மாமியார் கேட்டாள். அதோடு வாயை மூடியவள்தான்.

பிறகு அந்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. உயிர் பிழைத்ததே பெரிசு. டேப் போன துக்கத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று பச்சையம்மா மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். பேர் தெரியாத பாட்டை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

எங்கே மறந்துவிடுவோமோ என்று பயந்து, முதல் பாட்டின் முதல் அடியை மீன் கூவலில் கட்டிவைத்தாள். தாம்பரம் பக்கத்துத் தெருக்களுக்கு மீன் கொண்டுவர ஆரம்பித்த நாளிலிருந்து அதே ராகம்தான். மீன் விற்றாலும் விற்காவிட்டாலும் அந்தப் பாட்டுக்காரன் உயிரோடு இருந்தான்.

இப்போது அவன் பாட்டை எவளோ ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். மெல்லிய, கூரான குரல். பாட்டும் பஸ்ஸைப் பிடிக்கப் போவதுபோல் ஓடியது. பச்சையம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கேட் திறந்தது. மீன் வாசனை பட்டாலே ஜன்னலைச் சாத்தும் ஸ்ரீநிவாசன், வேட்டியும் பனியனுமாக ஓடி வந்தார்.

"ஏம்மா, நீ கூவறச்சே எல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி மண்டை காயும். இன்னிக்குத்தான் பிடிபட்டது. இது என் காலேஜ் நாள் ரிக்கார்டு. உனக்கு எப்படித் தெரியும்?"

"இவ பாட்னது இல்ல சார் அது. ஆம்பள பாட்னது."

அவர் கையோடு கொண்டுவந்திருந்த இசைத்தட்டின் அட்டையை நீட்டினார். ஒட்ட வெட்டிய முடியோடு ஒரு பெண் மைக்கின் முன் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற ஆண்கள் கையில் கிடாரோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடியது இவள் ஒருத்திதான், வேறு யாரும் இல்லை என்றார்.

பச்சையம்மா தலையை ஆட்டினாள். இத்தனை வருஷம் பழகிய குரலை ஓர் அட்டை வந்து மாற்றிவிடுமா?

நீ எதில் கேட்டாய், அது சரியாக ஓடியதா என்று அவர் கேட்டார். பழைய டேப்பு, வாங்கின நாளிலிருந்தே இழுத்துக்கொண்டுதான் ஓடியது, உப்புக்காற்று வேறு, என்றாள். ஸ்ரீநிவாசன் முகத்தில் ஏதோ பளிச்சென்றது.

"உள்ள வா. கூடையையும் எடுத்துண்டு வா, வெளில வெச்சா காக்கா தூக்கிடும்."

அந்தக் கூடத்தில், சாமி படங்களுக்கு எதிரே, மீன் கூடை உட்கார்ந்தது. அவர் பாட்டை முதலிலிருந்து வைத்தார். சுழலும் தட்டின் ஓரத்தில் விரல் நுனியை மெல்லப் பதித்தார்.

தட்டு தளர்ந்தது. பாட்டு இழுபட்டது. அந்தப் பெண்ணின் குரல் கனத்தது, கரகரத்தது, கீழே கீழே இறங்கியது.

அவன் வந்துவிட்டான்.

பச்சையம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மண்ணெண்ணெய் விளக்கும், அலைச் சத்தமும், போய்ச்சேர்ந்துவிட்ட ஜெயவேலுவின் சிரிப்பும் அவனோடு சேர்ந்து வந்தன. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அப்படியே முடியும்வரை கேட்டிருக்கலாம்.

ஆனால் பார்வை அட்டைக்குப் போனது. அங்கிருந்து அவர் விரலுக்குப் போனது.

அப்படியானால் அந்த இரவுகளிலெல்லாம் அவளைக் கூப்பிட்டது ஆம்பளை இல்லை. ஒரு பொம்பளை. இத்தனை தொண்டையோடு, இத்தனை பேர் முன்னால்.

அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"போதும் சார். வெரல எடு. அவ பாடட்டும்."

விரல் எழுந்தது. குரல் சரசரவென்று மேலே ஏறியது. அடுத்த அடிக்குப் பச்சையம்மாவும் வாயைத் திறந்தாள், மீன் பேர் எதுவும் இல்லாமல்.