மயில்துத்தம் போடாத பசை

விடுதி முதலாளியம்மா கூப்பிட்டனுப்பியபோது, திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவரிடமிருந்த, தொப்பி வைத்த பிரெஞ்சுப் பெண்களின் பழைய அச்சுப் படங்களில் ஐந்துக்குப் போன வருடம் நான்தான் பிரேம் போட்டேன். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டும், மறந்துவிட்டேன். முழுக்கத் தடவினால் பழைய தாள் சுருங்கிவிடும் என்று பின்பக்கம் நடுவில் மட்டும் பசை தடவியிருந்தேன். நடுவில்தான் முகங்கள் இருந்தன. கண்ணாடிக்குள் புகுந்த ராமபாணப் பூச்சிகள் ஐந்து பெண்களின் முகத்தையும் தின்றுவிட்டிருந்தன. இறகும் ரிப்பனும் வைத்த தொப்பிகளில் ஒரு கீறல்கூட இல்லை. மிச்சமிருந்த ஒரு தாடையின் மேல் பூச்சி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. 

“வர்ற கெஸ்ட் எல்லாம் இது முன்னாடி நின்னுதான் போட்டோ எடுத்துக்கறாங்க. உள்ள பிரேம் போடாம இருக்கற மூணு படத்தையும் இதே மாதிரி பண்ணிக் குடுத்துடுப்பா” என்றார் அம்மா.

வீட்டில் பசை கிண்டிக்கொண்டிருந்த என் மனைவி அமலி, “துத்தம் எங்க?” என்றாள்.

“வேணாமாம்.” நடந்ததைச் சொன்னேன்.

“சீ! நீயும் சரின்னுட்டு வந்தியா? அந்தத் தொப்பியில தடவித் தொலையேன்.”

“தொப்பிதான் அழகாம்.”

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினாள்.

படத்தைக் கவிழ்த்தால் முகம் எங்கே என்று தெரியாது. அதனால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முகத்தைச் சுற்றிப் பின்பக்கம் பென்சிலால் வட்டம் போட்டேன். பிறகு பசைக்குள் விரலை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது.