வால்வு சூடேறும் வரை

பழைய எலெக்ட்ரானிக் சாமான் சந்தையில், ஒரு தார்ப்பாய் மேல் பெரிய வால்வு ரேடியோவும் குட்டி டிரான்சிஸ்டரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. இன்றைக்கும் விலை போகாவிட்டால் ரேடியோவைப் பிரித்து உதிரியாக விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

சந்தைக்கே புதிதாக வந்த ஒரு பெண், ரேடியோவுக்குக் கரண்ட் கொடுத்துக் குமிழைத் திருகினாள். சத்தமே இல்லை.

"யோவ் பெரிசு, கரகரன்னாவது ஏதாவது சொல்லித் தொலை! போயிடப் போறா," என்றது டிரான்சிஸ்டர்.

"வால்வு சூடேறாம நான் வாயைத் திறந்ததே இல்ல தம்பி," என்றது ரேடியோ. உள்ளுக்குள் பதறத்தான் செய்தது.

"செத்துப்போச்சு போல," என்றவள் அதை அணைக்க மறந்து, டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்தாள். சுவிட்சைத் தட்டியதும் அது கீச்சென்று பாட ஆரம்பித்தது. "பாத்தியா?" என்று இளக்காரமாகச் சிரித்தது.

ரேடியோவின் முதுகுக்குள் கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. பிறகு, ஒரு செருமல்கூட இல்லாமல் அது நேராகப் பாட்டுக்குள் இறங்கியது. தார்ப்பாய் மேலிருந்த சாமானெல்லாம் லேசாக அதிர்ந்தன.

நகரப் போனவள் நின்றாள். காது கொடுத்துக் கேட்பதற்காக, கையிலிருந்த டிரான்சிஸ்டரை அணைத்தாள்.