பச்சையாய் நின்ற வரிசை

“பாருங்கப்பா, உங்க மகளோட கைவண்ணத்தை! கோதுமையா இது? மழையில கிடந்த ஆணி மாதிரி துருப்பிடிச்சு நிக்குது!”

அக்கா ஆராய்ச்சிக்குச் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தின் வலப்பக்க வரிசையைக் காட்டித் தம்பி முழங்கினான். இலையைத் தொட்ட அவன் விரலில் செம்பழுப்புத் தூள் அப்பிக்கொண்டது.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். துரு நோய்ப் பூசணத்தை எதிர்க்கும் மரபணுவைத் தங்கள் வீட்டுக் கோதுமையில் சேர்ப்பதற்கே தன் இளமையைச் செலவிட்டவள் அவள். வயலில் விதைத்துப் பார்க்க அரசின் அனுமதியும் வந்துவிட்டது. அந்நோய் தவறாமல் தாக்கும் நிலம் வேண்டும். அப்பாவின் நிலம் அத்தகையது. அதை உழுபவன் தம்பி; அவன் ஒப்பாமல் அப்பா தரமாட்டார். இன்று சம்மதம் வாங்காமல் விடுவதில்லை என்றுதான் இருவரையும் அழைத்து வந்திருந்தாள்.

“எது எதுன்னு நான் சொல்றதுக்குள்ள...”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்க்கா. வரும்போதே உன் உதவியாளரைக் கேட்டுட்டேன். ‘துருப்பிடிச்சது உங்க வீட்டுச் செடி’ன்னாரு. நம்ம வீட்டுல ஆராய்ச்சி பண்றது உன்னை விட்டா யாரு?”

இடப்பக்கம் திரும்பியதும் அவன் குரல் குழைந்தது. “இதோ, நம்ம விதை! ரெண்டு வரிசைக்கும் ஒரே பூசணத்தைத்தானே தெளிச்சே? இதுல ஒரு புள்ளி உண்டா? இயற்கைன்னா இயற்கைதான்!”

வாய் திறக்கப்போன மகளை அப்பா கையமர்த்தினார். “அப்போ நம்ம நிலத்துல எதை விதைக்கலாம்ங்கிறே?”

“இந்தப் பச்சை வரிசையைத்தான்! வேற எதையும் விதைக்க விடமாட்டேன்.”

“பேச்சு மாற மாட்டியே?”

“மாறினா என்னை உங்க பிள்ளைன்னே சொல்லாதீங்க!”

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நிலம் வேண்டும்தான், ஆனால், பொய்யில் முளைத்த சம்மதம் வேண்டாம்.

“தம்பி, துருப்பிடிச்சதுதான் நம்ம வீட்டு விதை. பச்சையா நிக்கிறது நான் மாத்தினது.”

தம்பி விரலில் அப்பிய தூளை அவசரமாய்த் துடைக்க, அக்கா அப்பாவிடம் திரும்பினாள்.

“மன்னிச்சிடுங்கப்பா. உங்களையும் சேர்த்து ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சு.”

“என்னை யாரும்மா ஏமாத்தினா?” என்று சிரித்தார் அப்பா. “நம்ம கோதுமை எந்த வருஷம் துருவுக்குத் தப்பிச்சிருக்கு? பச்சையா நின்னப்பவே அது உன்னுதுன்னு தெரிஞ்சுபோச்சு. சம்மதம் இவன் வாயாலேயே வரட்டும்னுதான் கேட்டேன்!”