கோட்டுப் போட்ட கொள்ளுத்தாத்தா

சுவரில் மாட்டியிருந்த படத்தில் கோட்டுப் போட்டு நின்ற பெரியவரை மகனின் காதலியிடம் காட்டினார் அப்பா.

“எங்க கொள்ளுத்தாத்தா. பெரிய வக்கீல். எங்க பரம்பரைக்கு உங்க குடும்பம் சரிப்படாதும்மா.”

“நாங்க மூட்டை தூக்கின குடும்பம்தான் சார். பழைய நகராட்சி வீட்டுப் பதிவேட்டுல தேடிப் பார்த்தேன்,” என்றாள் அவள் பட்டென்று. “எங்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல உங்க கொள்ளுத்தாத்தா பேரு இருக்கு. அவருக்கும் அதே வேலைதான்.”

“அப்ப இந்தக் கோட்டு?”

தன் கொள்ளுத்தாத்தாவின் படத்தை எடுத்து நீட்டினாள். முகம்தான் வேறு. அதே கோட்டு, அதில் அதே கிழிந்த பாக்கெட்.

“படமெடுக்க வர்றவங்களுக்கெல்லாம் ஸ்டூடியோக்காரர் மாட்டிவிட்டது சார்.”

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“வக்கீல் பரம்பரைன்னு சொல்லிச் சொல்லியே என்னை என்ன ஆட்டம் ஆட்டிவச்சீங்க! இனிமே இந்த வீட்டுல என் பேச்சுதான். உட்காரு மருமகளே, கல்யாணத்துக்கு நாள் குறிப்போம்!”