பர்சோ போனவன்

"முந்தாநாள் நம்ம கிளாஸ் வெஸ்லியை அடக்கம் பண்ணியிருக்கீங்க! நான் ஞாயிற்றுக்கிழமையே மாரெட்பள்ளி வந்தாச்சு. கூடப் படிச்சவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" பள்ளித் தோழி எமியின் வாசலில் நின்று கத்தினாள் ஜூடித்.

"முந்தாநாளா? யாருடி சொன்னா?"

"நீதான்! நேத்து போன்ல கேட்டதுக்கு, 'வெஸ்லியா? பர்சோ போயிட்டானே'ன்னு சொன்ன. பர்சோன்னா இந்தியில முந்தாநாள்தானே? கடைசியா முகத்தைக்கூடப் பார்க்க விடலையேடி!"

எமி அவளை உட்காரவைத்தாள். "அமெரிக்கா போய் நம்ம ஊர் பேச்சே மறந்துட்டியா? இங்கே போன வாரமும் பர்சோதான், பத்து வருஷத்துக்கு முந்தியும் பர்சோதான். வெஸ்லி போய் ஆறு வருஷமாச்சு."

ஜூடித்துக்கு இன்னும் கோபம் பொங்கியது. "அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"அன்னைக்கே உனக்குப் போன் போட்டேன். 'மீட்டிங்ல இருக்கேன் எமி, நானே கூப்பிடறேன்'னு வெச்சுட்ட. நேத்துதான் கூப்பிட்ட."