பாடத்தில் வராத வார்த்தை

மறுபடியும் நீலம்.

“போச்சு,” என்றேன் நான்.

மருமகள் நாற்காலியை இழுத்துப்போட்டு என் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

லேப்டாப் திரை முழுக்க நீலம். அதில் ஒரு சோக முகம், கீழே ஏதோ எழுத்துகள். மகன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அவனால் அவ்வளவுதான் முடியும். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவன் குரல் அந்த லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது.

கத்தி வைப்பதற்கு முன்னால் தினமும் உட்கார்ந்து, வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பதிந்து வைத்தான். இப்போது அவன் அடிக்க அடிக்க, மெஷின் அந்த வார்த்தைகளைக் கோத்துப் பேசுகிறது. கொஞ்சம் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும். ஆனாலும் என் பிள்ளை குரல்.

நாளைக்கு அவன் திரும்பப் பள்ளிக்கூடம் போகிறான். பூகோள வாத்தியார். “ஒரு பீரியட் தடங்கல் இல்லாம நடத்திக் காட்டுங்க சார், வகுப்பு உங்களுக்கு. இல்லைன்னா ஆபீஸ் வேலைதான்,” என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். நடு வகுப்பில் வாத்தியார் நீலமாகிப் போனால் பிள்ளைகள் சும்மா விடுமா?

மருமகளுக்குத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற்றுவாள். சமையலில் ருசி கெட்டால் நான் நாலையும் ஒன்றாகக் கொட்டுவேன். அவள் ஒன்றைப் போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் அடுத்தது.

பிடித்தால் விடமாட்டாள். அதனாலேயே கல்யாணமான புதிதில் என் மகன் ‘ராங்கி’ என்று பெயர் வைத்துவிட்டான். எந்நேரமும் வீட்டில் அந்தச் சத்தம்தான். ஆபரேஷனோடு அது நின்றுபோனது. வலி மனுஷனின் விளையாட்டைப் பறித்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நீலத்தையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டாள். மௌஸைக் கழற்றினாள். சார்ஜரை மாற்றினாள். அடியைத் திறந்து தூசி தட்டினாள். மெமரியைப் பிடுங்கித் துடைத்து மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவேண்டும் என்றார். அழித்தால் குரல் என்ன ஆவது? வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்கப் போனால் பாதி வழியில் அங்கேயும் நீலம்.

இதில் ஒரு வேடிக்கை. என்னிடம் பேசினால் வராது. பாடம் நடத்திப் பார்த்தால் வராது. அவளிடம் பேச வாயெடுத்தால், அதாவது விரலெடுத்தால், வந்துவிடும்.

“இதுக்கும் என்னைக் கண்டா பயம் அத்தை,” என்பாள்.

ஒவ்வொரு முறையும், “என்ன சொல்ல வந்தீங்க?” என்று கேட்பாள். அவன் கையால் காட்டுவான். குடை பிடிப்பதுபோல. தண்ணீர் குடிப்பதுபோல. அதையே அவள் அடித்துப் பார்ப்பாள். மெஷின் கணீரென்று சொல்லும்.

இன்றும் கேட்டாள். அவன் தலைக்கு மேல் விரலைச் சுழற்றினான். மெஷின் விழித்ததும் அவள் அடித்தாள்.

“ஃபேனைப் போடு,” என்றது என் பிள்ளையின் குரல்.

நான் போய்ப் போட்டேன்.

அவள் மட்டும் அசையாமல் இருந்தாள். “கையால காட்டினது இல்லைங்க. அடிச்சது வேணும்.” எழுந்து அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். “எப்பவும் போல அடிங்க. நான் அடுக்களையில இருக்கேன்னு நினைச்சுக்கோங்க.”

அவன் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அடித்து, எண்டரைத் தட்டினான்.

நீலம்.

ஆனால் அதற்குள் அவள் படித்துவிட்டாள். காது மடல் சிவந்தது.

மறுபடி மெஷின் விழித்தது. முதல் வார்த்தையை விட்டுவிட்டு மற்றதை அடித்தாள். பேசியது. முதல் வார்த்தையை மட்டும் அடித்தாள். நீலம். இன்னொரு தடவை. நீலம். பரிசோதனைக் கூடத்துக்காரி, ஒரு தடவையில் எதையும் நம்பமாட்டாள்.

“டிஸ்க்ல ஒரே ஒரு இடம்தான் அத்தை கெட்டிருக்கு. ஒரு வார்த்தை பதிஞ்ச இடம். அதைத் தொட்டா மொத்தமும் சாயுது.”

“என்ன வார்த்தை?”

“பாடத்துல வராத வார்த்தைதான்.”

அந்த ஒன்றைத் தொடாமல், மற்ற எல்லா வார்த்தைகளையும் புது டிஸ்க்குக்குக் கொண்டுவந்துவிட்டாள். குழந்தையைத் தொட்டில் மாற்றிப் போடுகிற பதம் அவள் கையில் இருந்தது.

மகன் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து ஒரு பீரியட் நடத்தினான். ஆறு மலையில் பிறந்து கடலில் சேர்கிறவரைக்கும். அவள் வேண்டுமென்றே குறுக்குக் கேள்வி கேட்டாள். “அங்கே என்ன பேச்சு?” என்று என்னைக்கூட அதட்டினான். நீலம் எட்டியே பார்க்கவில்லை. பெற்றவள் நான்தான், ஆனால் நான் கைதட்டியது அவளுக்கு.

“விட்டுப்போன ஒத்தை வார்த்தையை வேற யார் குரல்லயாவது பதிஞ்சு போட்டுடேன்மா.”

“வேணாம் அத்தை. காலியாவே இருக்கட்டும்.”

திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மகன் எதையோ அடித்தான்.

மெஷின் உடனே பேசவில்லை. ஒரு வார்த்தை நீளத்துக்குச் சும்மா இருந்தது.

“என்னவாம்?” என்று அவள் அதற்குள் திரும்பிவிட்டாள்.

அப்புறம்தான் குரலே வந்தது. “கொஞ்சம் இங்கே வா.”

ஆக, இந்த வீட்டில் அந்த ‘ராங்கி’ச் சத்தம் ஒரு நாளும் நின்றிருக்கவில்லை.

அவன் மறுபடி விரலெடுத்தான். எனக்கும் நன்றாகக் கேட்கவேண்டும் போலிருந்தது. எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினேன்.